அறுபத்தொரு ரிப்பன்கள்

1.

இந்தக் கதை ஒரு நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து பிறந்தது. நோட்டு என்னுடையதன்று. உரியவரின் அனுமதியுடன் அதைப் பார்த்தேன். அனுமதி இல்லாமல் எழுதத் தொடங்கினேன். பிறகு எழுதுவதற்கும் அனுமதி பெற்றேன். அனுமதி மூன்று நிபந்தனைகளுடன் வந்தது.

ஒன்று, காட்டின் பெயரைச் சொல்லக்கூடாது. இரண்டு, பறவை முட்டையிட்ட இடத்தைச் சொல்லக்கூடாது. மூன்றாவதை அவர் சொன்னபடியே தருகிறேன்:

"என்னை எங்கயும் அழ வெச்சுடாதீங்க சார். நான் அழல. அப்படி எழுதினா படிக்கிறவங்களுக்கு ஈஸியா போயிடும்."

முதல் இரண்டையும் காப்பது எளிது. மூன்றாவதை முடிந்தவரை காத்திருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்:

"செம்பாக்கத்துக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் இடையே, அடுக்ககங்கள் சூழ்ந்த பதினான்கு ஏக்கர்ப் புதர்க்காடு ஒன்று பச்சை மரகதமாய்—"

[நிறுத்திவிட்டேன். புதர்க்காடு மரகதமாய் இருப்பதில்லை. மார்ச் மாதத்தில் அது பழைய கோணிப்பையின் நிறத்தில் இருக்கும். பார்ப்பவர் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்; அந்தக் காடு இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அதுவே காரணம். முதல் நிபந்தனையை மீறிவிட்டேனோ என்று ஐயுறும் வாசகருக்கு: இரண்டு ஊர்களும் உண்மை; "இடையே" என்ற சொல்லுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்:

"இயற்கையின்மீது மனிதன் கொண்டுள்ள அன்பானது, பல சமயங்களில்—"

[இது பள்ளி ஆண்டு மலருக்குப் போகட்டும்.]

மூன்றாம் தொடக்கம்:

"ஜோசலின் ரிப்பன் வாங்கினார்."

இதை வைத்துக்கொள்கிறேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் உண்டு. குற்றமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

3.

ஜோசலின் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. ஒரே மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். இருபது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் திருச்சபையில் சிறுவர்களுக்கு வகுப்பெடுக்கிறார். அவர் பொய் சொல்லி நாங்கள் எவரும் கேட்டதில்லை. மரியாதைக்காகச் சொல்லும் சிறு பொய்யைக்கூட. நான் கொண்டுபோன உப்புமாவைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தக் காட்டில் கூடுகிறோம். எங்கள் வேலை உண்ணிச்செடியைப் பிடுங்குவது. எங்கிருந்தோ வந்து ஊன்றிய அந்தச் செடி, காரை, களா, சூரை ஆகிய உள்ளூர்ச் செடிகளின்மேல் போர்வைபோல் படர்ந்துவிடும். அதை அகற்றினால் அடியில் இருப்பவை மூச்சுவிடும். அவற்றை நம்பியிருக்கும் கீரியும் உடும்பும் கவுதாரியும் திரும்பும். சொல்வதற்கு இவ்வளவுதான். பிடுங்குவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. இன்னும் பாதிக்காடு மிச்சம்.

அங்கே பல பறவைகள் தரையில் முட்டையிடுகின்றன. பெரிய கூடெல்லாம் இல்லை. ஒரு சிறு பள்ளம், சில சருகுகள், அவற்றின் நடுவே சருகின் நிறத்திலேயே முட்டைகள். களை எடுப்பவரின் கண்ணுக்கு அவை தெரியா. இரண்டாண்டுகளுக்குமுன் ஒரு சனிக்கிழமை, கவுதாரியின் ஐந்து முட்டைகள் ஒரு செருப்பின்கீழ் உடைந்தன. செருப்பு யாருடையது என்பது கதைக்குத் தேவையில்லை.

[தேவைதான். என்னுடையது.]

அடுத்த வாரம் ஜோசலின் ஒரு பையுடன் வந்தார். பையில் சிவப்புச் சடை ரிப்பன்கள். பள்ளி மைதானத்தில் விளையாட்டு நேரத்தில் உதிர்ந்து, யாரும் கேட்டு வராமல் ஆசிரியர் அறை அலமாரியில் சேர்ந்துபோனவை. கூடு தென்பட்டால் மூன்றடி தள்ளி ஒரு மூங்கில் குச்சி நடவேண்டும். அதில் ஒரு ரிப்பன் கட்டவேண்டும். ரிப்பனைக் கண்டவர் ஐந்தடிக்குள் போகக்கூடாது. இதுவே விதி. அலமாரி தீர்ந்ததும் அவர் தாம்பரம் சந்தையில் சுருளாகவே வாங்கத் தொடங்கினார்.

விதி பலித்தது. அதன்பின் எங்கள் கால் பட்டு ஒரு முட்டையும் உடையவில்லை.

4.

அடுத்து வருபவர் சவுரிமுத்து. இவரைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் உண்டு. மனிதர்மீதன்று, பாத்திரத்தின்மீது.

சவுரிமுத்து பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வசிக்கும் ஆட்டோ ஓட்டுநர். ஜோசலினின் ஸ்கூட்டர் பழுதான ஒரு சனிக்கிழமை அவரைக் கொண்டுவந்து விட்டார். திரும்ப அழைத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் உள்ளே வந்தார். ஸ்கூட்டர் சரியாகி ஓராண்டாகிறது. அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

கதையின் திருப்பத்தில் ஒரு யோசனை வரும். அதைச் சொல்பவர் இவர். படித்தவர்கள் விழித்து நிற்க, எளியவர் ஒருவர் வாய் திறந்ததும் வழி பிறக்கிறது என்னும் ஏற்பாடு எழுத்தாளர்களுக்கு மிக வசதியானது. ஆகவே அதை நான் நம்புவதில்லை. ஒரு வரைவில் அந்த யோசனையை எனக்கே கொடுத்துக்கொண்டு, அதைத் தேநீர் வேளையில் படித்தும் காட்டினேன்.

"இன்னா சார்," என்றார் சவுரிமுத்து, "நம்ப ஐடியாவ நைசா ஆட்டைய போட்டுக்கினீங்களே?"

"கதைக்காக."

"கதைக்குன்னா நீங்க முட்டைய மெரிச்சதையும் எம்மேல எய்தி வுடவேண்டியதுதான? அது மட்டும் இன்னாத்துக்கு உங்ககிட்டயே கீது?"

யோசனையை அவரிடமே திருப்பித் தந்துவிட்டேன். அவர் ஞானி அல்லர் என்பதற்கு ஒரு சான்று மட்டும் சேர்க்கிறேன்: முதல் மூன்று மாதம் அவர் உண்ணிச்செடி என்று நினைத்துக் களாக்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இதை எழுதச் சம்மதித்துவிட்டார். எத்தனை கன்று என்பதைச் சொல்லச் சம்மதிக்கவில்லை.

5.

இப்போது நடந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை, ஜோசலினிடம் வேலிச் சாவியைக் கொடுக்க வந்த சவுரிமுத்து ஒரு பக்கியைக் கண்டார். பக்கி அந்தியில் பறந்து பூச்சி பிடிக்கும் பறவை. பகல் முழுவதும் தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும். மிதிபடும் தூரத்துக்கு நாம் வரும்வரை அசையாது. அன்று அசைந்தது. அது கிடந்த இடத்தில் இரண்டு முட்டைகள். நான்கு ஆண்டுகளில் அந்தக் காட்டில் நாங்கள் கண்ட முதல் பக்கி முட்டைகள். ஜோசலின் ஓடிவந்து குச்சி நட்டு ரிப்பன் கட்டினார்.

மறுநாள், வியாழக்கிழமை, அவர் தம் நோட்டில் அதைப் பதிவு செய்ய உட்கார்ந்தார். கூடு கண்ட தேதி, பறவை, முட்டை எண்ணிக்கை, பொரித்தது அல்லது அழிந்தது, காரணம் எனப் பத்திகள் பிரித்து இரண்டாண்டுகளாக எழுதிவரும் நோட்டு அது. முப்பது வரிகள் ஆகியிருந்தன. முப்பது ஒரு நல்ல எண் என்பதால், ஆசிரியர்களுக்கே உரிய பழக்கத்தில், கூட்டிப் பார்த்தார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு வேலி வாசலுக்கு என்னையும் சவுரிமுத்துவையும் வரச்சொன்னார். வாசலருகே ஒரு சிமெண்ட் பலகை உண்டு. நோட்டை அதன்மேல் விரித்தார்.

"ரிப்பன் கட்டினது பத்தொன்பது கூடு. பொரிச்சது நாலு," என்றார். "வடக்குப் பக்கம் நாம இன்னும் களை எடுக்கல, அங்க கால் படாதுன்னு ரிப்பன் கட்டல. தூரத்துல நின்னு பார்த்து எழுதினது. பதினொரு கூடு. பொரிச்சது ஏழு."

நான் எண்களில் வலியவன் அல்லேன். விரல்விட்டுக் கழித்துப் பார்த்தேன்.

"அப்போ ரிப்பன் கட்டினதுல பதினஞ்சு…"

"காக்கா," என்றார் ஜோசலின். "பதினஞ்சும் காக்கா. நானே எழுதியிருக்கேன் பாருங்க. ஒவ்வொண்ணா எழுதும்போது காக்கா மேலதான் கோபம் வந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துப் பார்க்கவே இல்ல." பக்கியின் குச்சி இருந்த பக்கம் கையை நீட்டி, பாதியில் இறக்கிக்கொண்டார். "சிவப்பு இருக்கிற இடத்துல சாப்பாடு இருக்குன்னு கத்துக்கிச்சு சார். நான்தான் காக்காவுக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்திருக்கேன்."

பிறகு பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். காரணம் என்ற பத்தியில் "காகம்" என்ற சொல்லைப் பதினைந்து இடங்களிலும் அளவுகோல் வைத்து அடித்தார். ஒவ்வொன்றின்மேலும் "ரிப்பன்" என்று எழுதினார். கையெழுத்து எங்கும் கோணவில்லை. நாற்பத்தோராம் பக்கம் அதுதான்.

சவுரிமுத்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், உங்க சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் கெடையாது, அதான் உங்களுக்கு இந்தப் பேஜாரு. எங்களாண்ட வந்திருந்தா செஞ்ச பாவத்த சாமியார் காதுல ஊதிட்டு, மூணு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிட்டுப் பூட்டே இருக்கலாம். நீங்க இன்னாடான்னா ஸ்கேல் வெச்சு கோடு போட்டுனு கீறீங்க."

ஜோசலின் சிரித்தார்.

[மூன்றாம் நிபந்தனை காரணமாக, சிரித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.]

6.

இந்த இடத்தில் கதை தானாக முடிந்திருக்க வேண்டும்: ரிப்பனை அவிழ்த்துவிடலாம், பக்கி பிழைத்துக்கொள்ளும். வாசகருக்கு இது தோன்றியிருக்கும். எங்களுக்கும் தோன்றியது.

ஆனால் சனிக்கிழமை நாற்பது பேர் வரவிருந்தனர். மென்பொருள் நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள்; காட்டில் அரைநாள் தொண்டு. அவர்களை அழைத்துவரும் ஜெயகிருஷ்ணனை ஜோசலின் அங்கேயே தொலைபேசியில் அழைத்தார்.

"ஒரு மூணு வாரம் தள்ளி வெச்சுக்கலாமா சார்?"

"ஐயோ மேடம், டீஷர்ட்ல தேதி அடிச்சாச்சு."

ரிப்பன் இருந்தால் காகம். ரிப்பன் இல்லாவிட்டால் எண்பது கால்கள். ஆனால் சிக்கல் ஜோசலினுக்கு மட்டுமே சிக்கலாக இருந்தது. பதினைந்துக்குப் பின் பதினாறாவதாக ஒரு "ரிப்பன்" எழுதுவதா வேண்டாமா என்பது அவருடைய கையில்தான் இருந்தது.

"அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லிட்டா?" என்றேன்.

"முப்பத்தெட்டு பசங்க இருக்கிற கிளாஸ்ல இருபது வருஷமா நிக்கிறேன் சார். போகாதீங்கன்னு சொன்ன இடத்துலதான் முதல்ல போய் செல்ஃபி எடுப்பாங்க."

காகம் ஒன்று வேலிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. மூவரும் அதைப் பார்த்தோம். அதுவும் எங்களைப் பார்த்தது.

சவுரிமுத்து தலையைச் சொறிந்தார். "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்கண்ணா."

"எங்க பிளாக்குல கொரியர்காரன் வந்தான்னா அவ்ளோதான் டீச்சர். நூத்தி இருவது கதவு. அத்தினியும் ஒரே பச்சை. நம்பரெல்லாம் அயிஞ்சு பூட்ச்சு. அவன் மேல ஏர்றான், கீய எறங்குறான், அந்த வூட்ட தட்றான், இந்த வூட்ட தட்றான். கடசில போனப் போட்டு, 'அண்ணே, உன் பார்சலும் வேணாம் ஒண்ணும் வேணாம், நீயே எறங்கி வா'ன்றான்."

நான் நோட்டைப் பார்த்தேன். ஜோசலின் காகத்தைப் பார்த்தார்.

"எல்லா இடத்துலயும்," என்றார் மெதுவாக.

"ஆங். ஊர்பட்டது கட்டிவுடுங்கோ. தட்டித் தட்டி அலுத்துப் பூடட்டும்."

7.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மூவரும் அறுபது குச்சிகள் நட்டோம். எந்த இடத்தில் என்பதை ஜோசலின் முடிவு செய்யவில்லை. கை தன்னையறியாமல் ஓர் ஒழுங்கைத் தேடும் என்றார். காட்டின் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, துண்டுச்சீட்டில் எண்கள் எழுதி, சவுரிமுத்துவின் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். பக்கியின் குச்சியை யாரும் தொடவில்லை. அதன் பக்கம் கூடுதல் நேரம் நிற்கவுமில்லை. ஆக, அறுபத்தொன்று. அறுபதின் அடியில் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை நாற்பது பேரும் நீல டீஷர்ட்டில் வந்தனர். ஜெயகிருஷ்ணன் காட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். வறண்ட புதர்களுக்கிடையே எங்கும் சிவப்பு ரிப்பன்கள் அசைந்தன.

"மேடம், என்ன இது, பொதுக்கூட்டமா?"

"ஒவ்வொரு ரிப்பனிலிருந்தும் அஞ்சடி தள்ளி நிக்கணும்," என்றார் ஜோசலின். "பாதையை விட்டு இறங்க வேண்டாம். வேலியோரம் உண்ணிச்செடி நிறைய இருக்கு. அதை எடுத்துக் குடுங்க, போதும்."

"அறுபது கூடா இருக்கு?"

ஒரு நீலச்சட்டைப் பெண்தான் கேட்டார். குறும்பில்லாத கேள்வி. இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "ஆமாம்" என்றால் முடிந்தது. எவர் எண்ணப் போகிறார்? ஆனால் ஜோசலின் ஆமாம் என்று சொல்லமாட்டார் என்பதை அறிவேன். "இல்லை, ஒன்றுதான்" என்றால் அடுத்த கேள்வி "எங்கே?"

அவர் கரும்பலகையின் முன் நிற்பவர்போல் நிமிர்ந்தார்.

"எதுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால எல்லாத்துலயும் இருக்குன்னு வெச்சுக்கோங்க. கணக்குல 'எனக் கொள்க'ன்னு எழுதுவோமே, அந்த மாதிரி."

பெண் தலையசைத்தார். நாற்பது பேரும் அன்று முழுவதும் பாதையில் ஒருவர்பின் ஒருவராக, கண்ணாடிக் கடைக்குள் நடப்பவர்போல் நடந்தனர். வேலியோரம் இருநூறு அடிக்கு உண்ணிச்செடி போயிற்று. இலக்கில் மூன்றில் ஒரு பங்குதான் என்று ஜெயகிருஷ்ணன் வருந்தினார். ஆனால் கடைசிப் படத்துக்கு அவரே எல்லாரையும் பாதைக்குள் தள்ளி நிற்கவைத்தார். "அஞ்சடி! அஞ்சடி!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

* ஒரு குறிப்பு. அடுத்த வாரம் நடந்தது இது. இதற்கு நான் சாட்சி. காகம் ஒன்று குச்சியின்மேல் வந்து அமர்ந்து அடியில் பார்த்தது. ஒன்றுமில்லை. அடுத்த குச்சி. ஒன்றுமில்லை. ஒன்பதாவது குச்சியில் அது கீழே பார்க்கவேயில்லை. ரிப்பனை முடிச்சவிழ்த்துக் கவ்விக்கொண்டு போயிற்று. தெருமுனை மின்கம்பத்தில் அது கட்டிக்கொண்டிருந்த கூட்டில் அந்தச் சிவப்பு ஒரு மாதம் தொங்கியது. "ஆத்தாடி, அதுவும் அட்ரஸ் எய்திக்கிச்சு," என்றார் சவுரிமுத்து.

8.

முட்டை பொரிக்கப் பதினெட்டு நாள் ஆகும் என்று கணக்கிட்டோம். அந்தப் பதினெட்டு நாளும் ஜோசலின் அருகில் போகவில்லை. நாம் அடிக்கடி எட்டிப் பார்ப்பதும் ஒருவகை ரிப்பன்தான் என்றார். நோட்டின் முப்பத்தொன்றாம் வரியில் கடைசி இரண்டு பத்திகளும் வெறுமையாக இருந்தன.

பத்தொன்பதாம் நாள் என்ன ஆயிற்று?

முடிவு அ. கல்லுக்குழியின் ஓரத்தில், குச்சியிலிருந்து மூன்றடியில், இரண்டு முட்டை ஓடுகள் கிடந்தன. காகம் குத்தியவைபோல் நொறுங்கியிருக்கவில்லை. உள்ளிருந்து திறந்தவைபோல் நடுவில் பிளந்திருந்தன. ஜோசலின் குனிந்தார், தொடவில்லை, நிமிர்ந்தார். "சவுரி அண்ணா, பேனா இருக்கா?"

முடிவு ஆ. ஏரிப்பக்கம் காரைப்புதரின் அடியில் ஒன்றுமே இல்லை. ஓடு இல்லை, இறகு இல்லை, இரத்தம் இல்லை. பக்கிக் குஞ்சுகள் பொரித்த சில நாளில் நடந்து இடம் மாறிவிடும். கீரி வந்திருந்தாலும் மிச்சம் வைக்காது. ஜோசலின் நெடுநேரம் யோசித்து, இரண்டாண்டில் முதன்முறையாகத் "தெரியாது" என்று எழுதினார். அதன் அடியில் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார்; அடிப்பதற்கான கோடன்று.

முடிவு இ. உள்ளே போகவேயில்லை. வடக்கு வேலிக்கு வெளியே, பொழுது சாயும் நேரத்தில், சவுரிமுத்து ஆட்டோவை நிறுத்தினார். காட்டுக்குள்ளிருந்து ஓர் ஒலி வந்தது. சிமெண்ட் தரையில் விழுந்த கோலிக்குண்டு துள்ளித் துள்ளி அடங்குவதுபோல். பக்கியின் குரல். "கேக்குதா டீச்சர்?" "கேக்குது." "இன்னும் இங்கதான் கீது." சற்றுத் தள்ளி இன்னொரு கோலிக்குண்டு விழுந்தது.

[நான்காம் முடிவு ஒன்றும் எழுதினேன். அதில் ஜோசலின்— வேண்டாம். நிபந்தனை.]

9.

மூன்று முடிவுகளிலும் இடம் வேறு வேறு என்பதைக் கவனித்திருப்பீர்கள். பக்கி அடுத்த ஆண்டும் அதே பகுதிக்கு வரக்கூடும். காகம் கதை படிப்பதில்லை. பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவுடன் வருபவர்கள் படிக்கிறார்கள். போன தை மாதம் ஓர் ஆந்தைக்காக ஒரு முழு நாவல்மரக் கிளையை ஒடித்துவிட்டுப் போனார்கள். அந்த இடத்தை ஒரு கட்டுரையில் படித்து வந்ததாகப் பெருமையுடன் சொன்னார்கள். கட்டுரையை எழுதியவர் என் நண்பர்; பறவைகளை மிக விரும்புபவர்.

ஆகவே முடிவைச் சொல்ல மறுக்கிறேன். மூன்றில் ஒன்றின் அடியில் அது இருக்கிறது. எதில் என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் இருக்கிறது எனக் கொள்க. எந்த முடிவு உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ அதன் அருகில் சற்று நேரம் நில்லுங்கள், ஐந்தடி தள்ளி. பிறகு பாதை வழியாகத் திரும்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லலாம். அது எந்த இடத்தையும் காட்டிக்கொடுக்காது. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஜோசலின் தாம்பரம் சந்தைக்குப் போய் அடுத்த பருவத்துக்காக மூன்று சுருள் ரிப்பன் வாங்கினார். பையைப் பிடித்துக்கொண்டு நான் உடன் நின்றேன். கடைக்காரர் சுருளை அளந்தபடி கேட்டார்:

"இவ்ளோ ரிப்பனா? உங்களுக்கு எத்தனை பொண்ணுங்க மேடம்?"

"பொண்ணுங்களான்னு தெரியாது," என்றார் ஜோசலின். "ரெண்டு."

[இந்தக் கடைசிப் பத்தியை அடித்துவிடச் சொல்லிக் கேட்டார். அளவுகோல் வைத்து அடிக்க வேண்டுமாம். என்னிடம் அளவுகோல் இல்லை.]